திரைச்சீலைக்குப் பின்னால் பீமன்

ஓசூர் மூக்கண்டப்பள்ளி வீட்டின் மொட்டை மாடியில் துடைப்பக்கட்டையைச் சுழற்றிக்கொண்டு நான் குதிப்பதை வீட்டுக்கார அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். "ஏமைந்தி நாயனா?" என்று கேட்டார். ஆபீஸ் வேலைம்மா என்றால் யார் நம்புவார்கள்? கார்ட்டூனில் ஒரு பூதம் தண்டாயுதம் வீச வேண்டும். அதை அசைக்கிற ஆள் முதலில் தானே வீசிப் பார்த்து செல்போனில் படம் பிடித்துக்கொள்வான். அதற்கு 'ரெஃபரன்ஸ்' என்று பெயர்.

அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கதை, ஸ்டோரிபோர்டு, குரல் எல்லாம் அமெரிக்காவில் முடிந்துவிடும். கோட்டுப் படங்களைக் குரலோடு ஓடவிட்ட அனிமேட்டிக்தான் எங்களுக்கு வரும். அசைவும் வெளிச்சமும் ரெண்டரும் எங்கள் பாடு. 22 நிமிட எபிசோடில், நொடிக்கு 24 வீதம், 31,680 ஃபிரேம். அதில் என் பங்குக்கு வருவது சில நொடிகள். லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்குப் பொழுது சாயும்போது நமக்கு விடியும். காலையில் போனால் திருத்தங்கள் காத்திருக்கும். அந்தப் பூதத்துக்கு வந்தது ஒரே வரி: ஆயுதத்தில் கனம் தெரியவில்லை.

மறுநாள் கடப்பாரையைத் தூக்கினேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கனம் என்றால் எனக்குப் பர்கூர் பக்கத்துப் பாரதக் கூத்துதான். பாட்டி ஊர், திரௌபதி அம்மன் கோயில் திடல். பீமன் நேராக வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் திரைச்சீலை பிடிப்பார்கள்; அதற்குப் பின்னால் சலங்கை அதிரும், கிரீட நுனி மட்டும் ஆடும். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகம் அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளைச் சொல்கிறது. செயல் நடக்குமுன் பார்ப்பவனை அதற்குத் தயார்ப்படுத்து என்பது அதில் ஒன்று. எங்கள் ஊரில் அதற்கு ஒரு போர்வை போதும்.

டிஸ்னியிலிருந்து அனிமேஷன் வித்தையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் கிளேர் வீக்ஸ் முக்கியமானவர். 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனில் ராம் மோகன் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1957இல் அங்கே வந்த படம் ஜாதகக் கதையான 'பேனியன் டீர்'. தொடக்கமே நம் கதைதான். 2000இல் சென்னை பென்டாமீடியா பாண்டவர்களைக் கம்ப்யூட்டரில் நடமாடவிட்டது. 2008இல் ஹைதராபாத்திலிருந்து சோட்டா பீம் வந்தான். லட்டு தின்கிற பீமன், இருக்கட்டும். பெங்களூரில் நாங்கள் அசைத்தவை பெரும்பாலும் அடுத்தவர் பூதங்கள்.

என் பூதத்துக்குத் திரும்புவோம். பர்கூர் கூத்துக்காரர் கையிலிருந்த கதாயுதமும் லேசான கட்டைதானே? அவர் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்கு வாங்கி, மூச்சைப் பிடித்துத் தூக்குவார். பார்க்கிற நமக்குக் கை வலிக்கும். கனம் உடம்பில் இருந்தது. கடப்பாரையைப் போட்டுவிட்டுத் துடைப்பக்கட்டையோடு அப்படி மடங்கிப் பார்த்தேன். அந்த ஷாட் தேறிவிட்டது. டிவியில் ஓடியது மூன்று நொடி.

2025 பிப்ரவரியில், இதே வேலை செய்துவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூர் கிளையும் மூடியது. ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போனவர்களும் வேலை தேடினார்கள். அனிமேஷனுக்கென்று கர்நாடகம் 2012லேயே தனிக் கொள்கை போட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் சிப்காட்டில் வண்டி செய்கிறோம், கடிகாரம் செய்கிறோம். அங்கே ஒரு கூரையை அனிமேஷனுக்கும் ஒதுக்குங்கள். முதல் எபிசோடுக்குப் பர்கூர் கூத்துக்காரரையே அழைத்து வந்து ரெஃபரன்ஸ் எடுக்கலாம்.