அடுக்களைக்குச் சுவர் எதற்கு?

திருவொற்றியூரில் நாம் கட்டும் சிறு வீட்டில் கூடமும் அடுக்களையும் சேர்ந்தே பதினாறடிக்குப் பத்தடிதான். "அடுப்பு அக்கினி மூலையில் இருக்கட்டும், நடுவே சுவர் எழட்டும்" என்றனர் உற்றார். ஏனென்றோம், சாத்திரம் என்றனர். சாத்திரம் நம் ஊர்க் காற்றைக் கண்டதோ? கிழக்கே கடல், பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அக்கினி மூலையில் எழும் புகை வீடெல்லாம் பரவாதோ? எனவே அடுப்புக்கு வடமேற்குச் சாளரத்தோரம். அமர்வதற்குக் காற்று நுழையும் கிழக்குப் பக்கம். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலால் தரையோரம் ஒரு திறப்பு.

சுவர்? அது புகையை மட்டுமா மறைத்தது? பெண்ணையுமன்றோ மறைத்தது! 1926-இல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, மார்கரெட் லிஹோட்ஸ்கி எனும் கட்டடக் கலைஞர் வீண் நடை குறைக்கும் சிற்றடுக்களையை வகுத்தார். அரிய பணி! ஆயினும் அங்கும் ஒருத்தி தனித்தே நின்றாள்.

நாம் இருவர் நிற்க இடம் விட்டோம்; இடுப்பளவு மேடையே எல்லை. காய் நறுக்குபவள் கூடத்துப் பேச்சில் கருத்துரைப்பாள். நாளேடு படிப்பவன் எழுந்து பாத்திரம் துலக்குவான். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று கேட்டார் பெரியார். விடையின் ஒரு பகுதி வீட்டின் வரைபடத்திலும் இருக்கிறது, தோழர்களே!