டுரியானும் வௌவாலும்

ஜார்ஜ்டவுனிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனால் பாலிக் புலாவ். ஜூன், ஜூலையில் சாலையோரமெங்கும் டுரியான் கடைகள்தான். விலையைக் கேட்டாலே முள் குத்தும். ஆனாலும் வாங்காமல் திரும்புவோர் குறைவு.

அந்தச் சுளைக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களில் வௌவாலும் உண்டு. டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பல ரகங்கள் காய்க்க வேறு மரத்தின் மகரந்தம் வேண்டும். இருட்டில் தேன் குடிக்க வரும் வௌவால்கள்தாம் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன.

டுரியான் பூக்காத மாதங்களில் அவை எங்கே போகும்? காட்டு மரங்களையும், கடலோரச் சதுப்பில் இரவில் பூக்கும் மரங்களையும் தேடிப் போகும். தங்குவதற்குக் குகையும் வேண்டும். ஆகவே, கரையோரச் சதுப்புக் காட்டை அழித்தால் மலைத்தோட்டத்தில் காய்ப்புக் குறையக்கூடும்.

2021இல் யுனெஸ்கோ, பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோது, மலைக்காட்டோடு கடற்பகுதியையும் சேர்த்தே அறிவித்தது. வௌவாலுக்கு அது எப்போதோ தெரியும்.

இரவில் தோட்டத்துக்கு வௌவால் வந்தால் விரட்டாதீர்கள். அடுத்த பருவத்துப் பழத்துக்காக வேலைக்கு வந்திருக்கிறது.