தாத்தாவின் மௌனம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டருகே நின்று சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணுவது என் தாத்தாவின் வழக்கம். எழுபதாம் வயதில், ஆயா மறைந்தபின், எண்ணுவதை விட்டார், சோறும் இறங்கவில்லை.

“நம்ம ரத்தத்துலயே இருக்குடா. அப்பாவைப் பெத்தவங்களும் இப்படித்தான் கெடந்தாங்க” என்றார் அத்தை. அந்த ரத்தம்தானே எனக்கும்! அன்றிரவு நான் உறங்கவில்லை.

நூலகத்தில் தேடினேன். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியான கட்டுரை, மனச்சோர்வில் மரபின் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு என்கிறது. மக்களிடையே காணும் வேறுபாட்டைக் குறிக்கும் கணக்கு அது. எனக்கு நோய் வரும் வாய்ப்பன்று. (முதலில் அப்படித்தான் எண்ணி நடுங்கினேன்.) முதுமையில் முதன்முறையாக வரும் சோர்விலோ மரபின் பங்கு இன்னும் குறைவு, மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பழுதும், பிரிவும், தனிமையும் சேர்ந்துகொள்கின்றன.

அத்தையிடம் சொன்னேன். “அப்ப டாக்டர்கிட்ட காட்டலாம்ல?” என்றார்.

மருந்து தொடங்கிய ஆறாம் வாரம், கேட்டருகே தாத்தா முணுமுணுத்தார்: “நேத்தைக்கு இன்னிக்கு ரெண்டு பெட்டி கம்மி.”