களக்காட்டில் நிதானமாக ஒரு நாள்: ஓடைக் குளியல், ஏத்தம்பழம், பத்தமடைப் பாய்!

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் வேகம் பிடிக்கிற கார்களில் பெரும்பாலானவை நாங்குநேரியைக் கவனிக்காமலே கடந்துவிடுகின்றன. அங்கே மேற்கே திரும்பினால், சாலையின் மறுமுனையை அடைத்துக்கொண்டு மலை நிற்கும். இருபக்கமும் வாழைத் தோட்டங்கள். மலையடிவாரத்தில் களக்காடு. நெல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ரயிலில் வருபவர்கள் நாங்குநேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

களாச்செடி மண்டிய காடாக இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள் ஊரில். ஜெர்மனியில் கருங்காடு எனப்படும் மலைக்காட்டின் ஓரத்தில் ஃப்ரைபுர்க் என்றொரு நகரம் உண்டு. வானுயர்ந்த தேவாலயம், அதைச் சுற்றியே சந்தை, தெருவோரச் சிறு வாய்க்கால்களில் ஓடும் தண்ணீர், வயிறாரச் சாப்பாடு என்று அங்கே ஒரு நாளைக் கழிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் போகிறார்கள். கோபுரம், கடைத்தெரு, மலைத்தண்ணீர், சாப்பாடு எல்லாம் களக்காட்டிலும் உண்டு. கூடுதலாக, இந்த ஊர்க் காட்டில் புலியும் இருக்கிறது!

வெயில் ஏறுவதற்குள் சத்தியவாகீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவது நல்லது. அம்பாள் பெயர் கோமதி. சீதையை இழந்து தவித்த ராமனுக்கு, அவளை மீட்கலாம் என்று சிவபெருமான் சத்திய வாக்கு கொடுத்த இடம் என்பது தலபுராணம். ஒன்பது நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் எவருக்கும், இத்தனை சின்ன ஊரில் இவ்வளவு பெரிய கோபுரமா என்று தோன்றும். களக்காடு ஒரு காலத்தில் சின்ன ஊர் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் வேணாட்டு அரசர் பூதல வீர உதயமார்த்தாண்டன் இங்கே தங்கி ஆட்சி செய்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் களக்காட்டுக் கோட்டைக்காகத் திருவிதாங்கூர் படைகளும் ஆற்காடு நவாப் தரப்பும் மல்லுக்கட்டின. 2021-ல்தான் பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சி ஆனது.

கோயிலிலிருந்து ஆட்டோ பிடித்தால் அடுத்து தலையணை. படுக்கிற தலையணை இல்லை. காட்டிலிருந்து இறங்கி வரும் பச்சையாற்றின் தலைப்பக்கத்தில் இருக்கும் தடுப்பணை. வனத்துறை செக்போஸ்ட்டில் கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. இதற்கு முகம் சுளிப்பவர்கள் ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளலாம். இங்கே காலை நனைக்கும் தண்ணீர் கீழே போய் வயலுக்குப் பாய்ந்து, குளங்களை நிரப்பி, மிச்சம் தருவை அருகே தாமிரபரணியில் சேருகிறது. வழியெங்கும் அதைப் புழங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கல்லில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனசு வராமல் இருப்பது இங்கே வாடிக்கை. அணைக்குப் பின்னால் தொடங்கும் காடு, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சிங்கவால் குரங்குகளுக்காக 1976-ல் உருவான களக்காடு சரணாலயத்தையும் பக்கத்து முண்டந்துறையையும் சேர்த்து 1988-ல் அறிவிக்கப்பட்டது. அதன் மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். மேலே செங்கல்தேரி வரை போக வனத்துறையின் முன் அனுமதி தேவை. சிங்கவால் குரங்கு உச்சிக்காட்டில் மரத்தை விட்டு இறங்காத பிராணி, தலையணையில் தட்டுப்படாது. தின்பண்டப் பையைப் பறிக்க வருவது சாதாரண நாட்டுக்குரங்கு!

ஒரு தலைமுறைக்கு முன்புவரை, மலையடிவார ஊர்களின் பெண்கள் பலருக்கு இந்தக் காட்டிலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து விற்பதுதான் பிழைப்பு. 1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைத்து, சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு, சிறுதொழில் கடன் என்று கொடுத்தார்கள். விறகுக்கட்டுகள் குறைந்தன, காடு அடர்ந்தது. அதன் இன்னொரு விளைவைக் கடைத்தெருவில் பார்க்கலாம்.

அதற்கு முன் சாப்பாடு. மதியம் வாழையிலைச் சாப்பாடும், இருட்டியதும் புரோட்டா சால்னாவும் கடைத்தெருவில் தாராளமாகக் கிடைக்கும். நெல்லைச் சொதியை மட்டும் ஓட்டலில் எதிர்பார்க்க வேண்டாம். அது கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் இஞ்சிப் பச்சடியோடு வரும் சமாசாரம். அழைப்பிதழ் இருந்தால் யோகம்!

இனி பழக்கடை. "அண்ணாச்சி, பழம் என்ன விலை?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. "எந்தப் பழம்?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்பார். ரசகதலி, கோழிக்கூடு, செவ்வாழை, நாட்டுப்பழம் எல்லாம் தார் தாராகத் தொங்கினாலும், களக்காட்டு மண்ணின் ராஜா ஏத்தன்தான். கேரளத்தில் இதுவே நேந்திரன். இங்கே விளைவதில் பெரும்பகுதி லாரியேறி மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் விலை ஏறும். திருவோணப் பந்தியில் இலை ஓரத்தில் விழும் உப்பேரி வறுவலில், களக்காட்டு ஏத்தங்காய் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நட்டு, தார் வெட்ட ஏறக்குறைய பத்து மாதம் ஆகும். அதற்குள் கோடைக்காற்று ஒரு சுழற்று சுழற்றினால் குலை தள்ளிய வாழை மொத்தமும் படுத்துவிடும். அதற்காகத்தான் மரத்துக்கு மரம் கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு முட்டுக் கொடுக்கலாம், காட்டுப்பன்றிக்கு என்ன செய்வது? ராத்திரி இறங்கிக் கிழங்கையே தோண்டித் தின்றுவிட்டுப் போகும். யானை வந்தால் தோட்டமே காலி. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். முதல் 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. காட்டைப் பொறுத்தவரை நியாயமான கணக்குதான். ஆனால், களக்காட்டில் மலையை ஒட்டிய தோட்டங்கள் இருப்பதே அந்த முதல் கிலோமீட்டரில். காட்டைக் காப்பாற்றும் செலவில் ஒரு பங்கை அவர்கள் வாழையாகக் கட்டுகிறார்கள். இழப்பீடு பயிர் செலவுக்கு ஈடாக, தாமதமில்லாமல் வந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும்.

மாலைக்கு இரண்டு வழிகள். தெற்கே ஏர்வாடி தாண்டிப் போனால் திருக்குறுங்குடி. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் சொந்த ஊர். 108 திவ்யதேசங்களில் ஒன்றான நம்பி கோயிலில், கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில், பாணர் குலத்து பக்தர் நம்பாடுவான் கதையை விடிய விடிய நாடகமாக நடிப்பார்கள். வடக்கே, சேரன்மகாதேவி வழியாக நெல்லைக்குத் திரும்பினால் பத்தமடை. ஒரே மாலையில் இரண்டையும் திணித்தால் இரண்டுமே உருப்படியாகக் கிடைக்காது.

ஷாப்பிங் மனசுள்ளவர்களுக்குப் பத்தமடைதான். ஆற்றங்கரைக் கோரையை வெட்டி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து நெய்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுத் தறிகள், நெய்வது பெண்கள். நயமான பட்டுப்பாய்க்கு 100 முதல் 140 பாவு வரை போகும். துணி போல மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகப் போனது இந்த ஊர்ப் பாய்தான். புவிசார் குறியீடும் உண்டு. கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து தரச் சொல்லலாம், ஆனால் முகூர்த்தத்துக்கு வெகு முன்பே சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவது மட்டும் வேண்டாமே!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். மலையில் கனமழை பெய்தால் தலையணையில் குளிக்கத் தடை விழும், விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஏத்தனைக் காயாக வாங்கியவர்கள் அவசரப்பட வேண்டாம். வீட்டில் கட்டித் தொங்கவிட்டு, தோலில் கரும்புள்ளி விழுந்த பிறகு தோலோடு ஆவியில் வேகவைத்து, மேலே கொஞ்சம் நெய் விட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.