கொம்பு முதலில்

தொண்ணூறுகளில் கணினியில் அடித்த ஒரு சிறுகதைத் தொகுப்பு மறுபதிப்புக்காக என் கைக்கு வந்தது. பழைய கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய கணினி எண்களில் தமிழ் உருவங்களைக் குடியேற்றிய எழுத்துரு அது. “விவரம் தெரியாத டிடிபிகாரங்க பண்ணிவச்ச வேலை” என்றார் உடன் வேலைபார்க்கும் இளைஞர். அந்தச் சொல் என்னை உறுத்தியது. என் தாத்தா அச்சகத்தில் கம்பாசிட்டர். கடைசிக் காலத்தில் போர்வைமேல் விரலை நகர்த்தியபடி “கொம்பு, கானா, கால்” என்று முனகுவார்.

ஜே விசையில் ‘த’ எப்படி வந்தது? தட்டச்சுப்பொறியிலிருந்து. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தவர் என்பதால் அங்கேயே விடை இருக்கும் என்று நம்பினேன். இரண்டு வாரம் பழைய தட்டச்சுப் பயிலகங்களாக ஏறி இறங்கினேன். விசைகளின் இடம் பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகுதான் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் இன்னும் பாமினியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அண்ணனிடம் கேட்கப் போனேன். கேட்டதோடு நிற்காமல், யூனிகோடுக்கு மாறச் சொல்லி மூன்று நாள் மன்றாடினேன். அசையவில்லை. “எழுத்து உடையுது தம்பி” என்றார். நானே உட்கார்ந்து யூனிகோடில் ‘கொடி’ என்று அடித்துக் காட்டினேன். அவருடைய பழைய மென்பொருளில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எனக்குப் பேச்சு வரவில்லை.

“கண்ணுக்குக் கொம்புதானே முன்னாடி நிக்குது? நான் எதுக்குக் கானாவை முதல்ல தட்டணும்?” என்று கேட்டபடி அவர் விரல்களை ஓட்டினார். கொம்பு, கானா, கால்.

தாத்தாவின் போர்வை கண்முன் வந்தது. நான் தேடவேண்டியது விசையின் இடத்தை அல்ல, விரலின் வரிசையை. ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து கம்பாசிங் ஸ்டிக்கில் அடுக்கியவருக்குக் கொம்பு தனித்துண்டு, அதுதான் முதலில். தட்டச்சுப்பொறியும் பாமினியும் அந்தக் கையையே பின்பற்றின. யூனிகோடு 1991இல் வந்தபோது, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி முறையைத் தழுவியது. அதில் ஒலிதான் கணக்கு: மெய் முதலில், கொம்பு பின்னால். வரையும்போது மென்பொருள் கொம்பை முன்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளத் தெரியாத மென்பொருளில் எழுத்து உடைகிறது. தாய்லாந்து எழுத்துக்கோ யூனிகோடிலும் கண்ணில் படும் வரிசையே வாய்த்தது. தேடுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் ஒலிவரிசையே நல்லது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அண்ணனுடையது அறியாமை அல்ல, அச்சுக்கூடத்தின் வழக்கம்.

தொகுப்பை யூனிகோடுக்கு மாற்றினேன். ‘வெள்ளை’யில் கொம்பு, வகரம், ளகரம் அடுத்தடுத்து வர, மாற்றும் மென்பொருள் அதை ‘வௌ’ என்று எடுத்துக்கொண்டு புள்ளியை அநாதையாக விட்டிருந்தது. வெள்ளம், வெள்ளி எல்லாவற்றிலும் இதே கதை. ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே உருவம். எது எதுவென்று வாசிக்கிறவருக்குத்தான் தெரியும்.

புரூஃபை அண்ணனிடமே எடுத்துப் போனேன். இரவு ஒன்பது மணிவரை அவர் “கொம்பு, வானா, ளானா, புள்ளி” என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்துச் சொல்ல, நான் திருத்திக்கொண்டே வந்தேன்.