மாகாணம் ஆகாத மாநகரம்

டொராண்டோ நகர மண்டபத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. 27 மாடியும் 20 மாடியுமாக வளைந்த இரண்டு கோபுரங்கள். சிப்பிக்குள் முத்துப்போல நடுவே மாமன்றக் கூடம். ஃபின்லாந்துக்காரர் வில்யோ ரெவெல் வரைந்து, 1965இல் திறக்கப்பட்டது.

“இதுக்குள்ள எத்தனை பேர் இருக்கலாமெண்டு முடிவெடுக்கிறது இவையள் இல்லை, தம்பி. அங்க இருக்கிறவை” என்று வடக்கே கைகாட்டினார் கூடவந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். இருபது நிமிட நடையில் குயின்ஸ் பார்க், ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றம்.

2018 ஜூலை 27. மாநகராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு போடக் கடைசி நாள். 47 வார்டுகளுக்குத் தேர்தல் வேலை மும்முரமாக நடக்கும்போது, அவற்றை 25 ஆக்கப்போவதாக முதல்வர் டக் ஃபோர்ட் அறிவித்தார். ஆகஸ்டில் சட்டமானது. தமிழர் செறிந்த ஸ்காபரோவுக்கு 10 உறுப்பினர் இருந்த இடத்தில் 6. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021இல் 5-4 என்று நகரம் தோற்றது. 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் நகராட்சிகள் மாகாணங்களின் கையில்.

டொராண்டோ தனி மாகாணமாகிவிடலாம் என்ற பேச்சு மெல் லாஸ்ட்மன் மேயராக இருந்த காலத்திலேயே எழுந்தது. அதற்கு நடுவண் நாடாளுமன்றத்தோடு, நாட்டு மக்கள்தொகையில் பாதியாவது கொண்ட ஏழு மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் டொராண்டோவில் 28 லட்சம் பேர். அப்போது ஒன்றரை லட்சம் பேரே வாழ்ந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவோ முழு மாகாணம். சொந்தச் சட்டமன்றம், நான்கு எம்.பி., நான்கு செனட்டர். புதுச்சேரிக்காரனான எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. எங்கள் மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கு!

பெரியவர் தன் ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்டிலிருந்து ஒரு கட்டு எடுத்துவந்தார். 2018 தேர்தலுக்கு வீடுவீடாகக் கொடுக்க அடித்த துண்டுப்பிரசுரங்கள். தமிழில் வேட்பாளர் பெயர், கீழே பெரிதாக, இல்லாமலே போன வார்டின் எண். மை மங்கவேயில்லை.

“உங்கட பாண்டிச்சேரி மாநிலம்தானே?”

இல்லை, யூனியன் பிரதேசம் என்றேன். சட்டமன்றத்துக்கு 30 பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம். மேலும் மூவரை மத்திய அரசு நியமிக்கிறது. அவர்களுக்கும் ஓட்டு உண்டு. அந்த நியமனத்துக்கு எங்கள் அரசைக் கேட்க வேண்டியதில்லை என்று எங்கள் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 2018இல், டிசம்பரில். மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் எத்தனையோ தீர்மானம் போட்டுவிட்டது. கேட்பதை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

பெரியவர் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். “கொண்டுபோங்கோ.”

புதுச்சேரியில், என் மேசைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறது.