முடி கொட்டினால் தண்ணீர்தான் காரணமா?

ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?" என்று கேட்பார்கள். சிப்காட் வேலைக்கு வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் முடி கொட்டினால் பழி தண்ணீர் மேல்தான். எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பெங்களூரு போனாலும் இதே பேச்சுதான்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் குறை உண்டு என்பது உண்மை. அது ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி வறளும், சிக்கு விழும், நடுவில் ஒடியும். வேரோடு கொத்தாகக் கையில் வந்தால் காரணத்தைப் பெரும்பாலும் உடம்புக்குள்தான் தேட வேண்டும்.

என் மனைவிக்கு அப்படித்தான் வந்தது. சீப்பு நிறைய முடி. பார்த்தவர்கள் எல்லாரும் தண்ணீரைச் சொன்னார்கள். தருமபுரியிலிருந்து வந்த அவள் அக்கா ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். கடைசியில் தோல் டாக்டரிடம் போனோம். அவர் தலையைப் பார்த்த நேரத்தைவிடக் கேள்வி கேட்ட நேரம்தான் அதிகம். "அம்மா, அசதியா இருக்கா? மலச்சிக்கல் உண்டா? மத்தவங்களைவிட உங்களுக்குக் குளிர் அதிகமா தெரியுதா?" என்றார். புருவத்தின் ஓரங்களையும் பார்த்தார். அங்கேயும் முடி குறைந்திருந்தது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு குறைவு என்று வந்தது. ஓசூர் குளிருக்கு மார்கழியில் யார்தான் ஸ்வெட்டர் போடுவதில்லை? அவள் சித்திரையிலும் போர்த்திக்கொண்டு படுத்ததை யாரும் நோயாக எண்ணவில்லை. முடி கொட்டியதால்தான் நோய் தெரிந்தது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் அசதி போனது. முடி அதற்கும் பிறகு மெதுவாக வந்தது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?" அதிக அளவு பயோட்டின் எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவே தவறாக வரலாமாம். கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை, நோயையே மறைத்துவிடக்கூடும்.

அன்று அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது, மூன்று மாதம் பின்னோக்கி எண்ணிப் பார்க்கும் பழக்கம். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், பெரிய ஆபரேஷன், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைப்பது, தாங்க முடியாத துக்கம் – இவை வந்தவுடனே முடி கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் காய்ச்சலை நாம் மறந்திருப்போம். இந்த வகை, வேறு குறை இல்லையென்றால், பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும்.

மருந்துகளும் காரணமாகலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநோய்க்குத் தரும் லித்தியம் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம். நம் வயதில் அது குறைந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். வட்டமாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் எந்தப் புழுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது.

2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் புல்டானா மாவட்டத்தில் நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஷேகாவ் பகுதிக் கிராமங்களில் சில நாட்களுக்குள் ஆண், பெண், குழந்தை என்று பலருக்குத் தலை வழுக்கையானது. அங்கும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். ஐ.சி.எம்.ஆர். குழு வந்து மாதிரிகள் எடுத்தது. தேள்கடி சிகிச்சைக்குப் பெயர்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரேஷன் கோதுமையைச் சோதித்து, அதில் செலினியம் மிக அதிகம் என்று அறிவித்தார். செலினியம் உடம்புக்குத் தேவையான சத்துதான், ஆனால் துளி அளவே போதும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து டானிக்கில் அது அளவு மீறிக் கலந்துபோய், சுமார் 200 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு முடி கொட்டியது. முடி வளர என்று விற்கும் மாத்திரைகள் சிலவற்றிலும் செலினியம் இருக்கிறது. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள்.

நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் போனால், கடந்த ஆறு மாதத்தில் வந்த நோய், சாப்பிட்ட மாத்திரை, குறைந்த எடை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். எண்ணெய் பாட்டிலையும் வாட்டர் ஃபில்டரையும் அதற்கப்புறம் யோசிக்கலாம்.